ஐம்பது யூரோவின் கணக்கு: புகலிடம் தேடுவோரின் கொடுப்பனவு அட்டையும் நீதிமன்றங்களும்

ஒரு மனிதருக்கு மாதம் ஒன்றுக்குக் கையில் எவ்வளவு காசு இருந்தால் போதும்? 2024 ஜூன் 20ஆம் திகதி கூடிய ஜேர்மன் மாநில முதல்வர்களின் மாநாடு இதற்கு ஒரு விடை சொன்னது. 50 யூரோ. புகலிடம் கேட்டு அந்த நாட்டுக்கு வந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் மாதாந்தக் கொடுப்பனவு இனி ஓர் அட்டையில் ஏற்றப்படும். அந்த அட்டையிலிருந்து வயது வந்த ஒருவர் மாதம் 50 யூரோவைத்தான் காசாக எடுக்கலாம். மிச்சக் காசு அட்டைக்குள்ளேயே கிடக்கும். அட்டையை ஏற்கும் கடைகளில் மட்டும் அதைச் செலவழிக்கலாம்.

முடிவு வந்து ஒரு மாதம் ஆகுமுன்னே விஷயம் நீதிமன்றம் ஏறிவிட்டது. ஜூலை 18இல் ஹம்பேர்க் நகரத்திலும், ஜூலை 30இல் தெற்கே நியூரன்பேர்க் நகரத்திலும் நீதிபதிகள் அட்டைக்கு எதிராக வந்த மனுக்களில் தீர்மானம் கொடுத்தார்கள். அதன் பிறகு வேறு வேறு இடங்களில் வேறு வேறு விதமான தீர்மானங்கள் வந்தன. ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரும் சிரியர், ஆப்கானியர், துருக்கியர் பற்றிய செய்திகளை நாங்கள் அடிக்கடி வாசிக்கிறோம். 2023இல் ஜேர்மனியில் முதன்முறையாகப் புகலிடம் கோரியோர் 3 இலட்சத்து 29 ஆயிரம் பேர். முதல் மூன்று இடங்களில் இருந்தவை இந்த மூன்று நாடுகளே. அவர்கள் கடல் கடந்த கதை தெரிகிறது. கரை சேர்ந்த பிறகு அன்றாடம் எப்படிக் கழிகிறது, அதில் சட்டம் எங்கே வந்து நிற்கிறது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கொஞ்சம் விளக்கப் பார்க்கிறது.

அட்டை எப்படிப்பட்டது?

ஜேர்மன் மொழியில் இதன் பெயர் 'பெட்சால்கார்ட்டே'. காசு செலுத்தும் அட்டை என்று அர்த்தம். பார்த்தால் சாதாரண வங்கி அட்டை மாதிரித்தான் இருக்கும். ஆனால் அதன் பின்னால் வழமையான வங்கிக் கணக்கு கிடையாது. மாதா மாதம் அதிகாரசபை அதில் ஒரு தொகையை ஏற்றிவிடும், அவ்வளவுதான்.

2023 நவம்பர் 6ஆம் திகதி அப்போதைய சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸும் மாநில முதல்வர்களும் இந்த அட்டையைக் கொண்டுவர உடன்பட்டார்கள். 2024 ஜனவரி கடைசியில் 16 மாநிலங்களில் 14 மாநிலங்கள் ஒன்றாகச் சேர்ந்து அட்டையைக் கொள்வனவு செய்வதென்று தீர்மானித்தன. பவேரியாவும் மெக்லன்பேர்க் மேற்குப் பொமரேனியாவும் தனி வழியே போயின. ஏப்ரலில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மே 16ஆம் திகதி திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஹம்பேர்க் அதற்கும் முந்திக்கொண்டது. 2024 பெப்ரவரியிலேயே அங்கே அட்டை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியவருக்கு 50 யூரோவும் பிள்ளைக்கு 10 யூரோவும் காசாக எடுக்கலாம் என்பது அங்குள்ள ஏற்பாடு.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 50 யூரோ என்ற எண் பாராளுமன்றச் சட்டத்தில் இல்லை. கொடுப்பனவை அட்டையாகவும் வழங்கலாம் என்று மட்டும்தான் சட்டம் சொல்கிறது. எவ்வளவு காசு எடுக்கலாம், எங்கே பாவிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது மாநிலங்களும் உள்ளூர் அதிகாரசபைகளும்தான். பின்னால் வந்த வழக்குகள் நுழைந்தது இந்த இடைவெளியால்தான்.

அட்டை எல்லா இடத்திலும் இறுக்கமானது என்றும் சொல்ல முடியாது. ஹனோவர் நகரம் 2023 டிசம்பரில் ஓர் அட்டையைக் கொண்டுவந்தது. அதில் அப்போது இந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை, வேண்டிய அளவு காசு எடுக்க முடிந்தது. வங்கிக் கணக்குத் திறக்க முடியாமல் மாதா மாதம் கந்தோர் வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆகவே வழக்காடுவோர் எதிர்ப்பது அந்தப் பிளாஸ்டிக் துண்டை அல்ல. அதில் பூட்டப்பட்ட பூட்டுகளைத்தான். காசு எடுப்பதற்கு உச்சவரம்பு, வேறொருவருக்குக் காசு மாற்றத் தடை, வெளிநாட்டில் பாவிக்கத் தடை என்பவை பொதுவான பூட்டுகள். சில இடங்களில் இணையத்தில் பொருள் வாங்கவும், குறித்த பிரதேசத்துக்கு வெளியே பாவிக்கவும் தடை இருந்தது.

அட்டையில் காசு இருக்குத்தானே, பிறகென்ன?

இந்தக் கேள்வி நியாயமானதுதான். காசு களவு போகவில்லை. தொகையும் குறையவில்லை. கையில் இருந்தால் என்ன, அட்டையில் இருந்தால் என்ன?

ஜேர்மனி பணக்கார நாடு, அங்கே எல்லாம் அட்டையில்தான் நடக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை வேறு. ஜேர்மன் மத்திய வங்கி 2023இல் செய்த கணக்கெடுப்பின்படி, மக்கள் செய்த கொடுக்கல் வாங்கல்களில் 51 சதவீதம் காசாகவே நடந்தது. பெரிய பேரங்காடியில் அட்டை செல்லும். பாணுக்கடை, சந்தைத் தட்டு, பழைய சாமான் விற்கும் ஞாயிறு சந்தை, தெருமுனையில் இருக்கும் சின்ன ஹலால் இறைச்சிக்கடை போன்ற பல இடங்களில் காசு மட்டும்தான். வேறு சில கடைகள் பத்து யூரோவுக்காவது வாங்கினால்தான் அட்டை எடுக்கும். காசு குறைந்தவன் எங்கே போவான்? மலிவான இடத்துக்குத்தான். அந்த மலிவான இடங்கள்தான் அட்டையை ஏற்காத இடங்கள். பழைய குளிர் அங்கியைச் சந்தையில் சில யூரோவுக்கு வாங்க முடிந்தவர், புதிய அங்கியைப் பெரிய கடையில் பல மடங்கு விலைக்கு வாங்க வேண்டி வருகிறது. ஏட்டில் தொகை குறையவில்லை. ஆனால் அந்தத் தொகையால் வாங்கக்கூடியது குறைந்துவிட்டது.

அடுத்தது, காசு மாற்றுவது. தன் புகலிட வழக்கைப் பேசும் சட்டத்தரணிக்குத் தவணை கட்ட வேண்டும். தொலைபேசி ஒப்பந்தத்துக்கும் மகனின் விளையாட்டுக் கழகத்துக்கும் கட்ட வேண்டும். மாதாந்தப் பொதுப்போக்குவரத்துச் சீட்டு பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்து கழிபடும் சந்தா. பூட்டிய அட்டையால் இவற்றைச் செய்ய முடியாது, அல்லது ஒவ்வொன்றுக்கும் அதிகாரசபையிடம் போய் அனுமதி கேட்க வேண்டும். எந்தச் சட்டத்தரணியிடம் போகிறேன் என்பதை, தன் வழக்கின் மறுபக்கத்தில் நிற்கும் அரசின் இன்னொரு கந்தோருக்கு அறிவிக்க வேண்டிய நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அரசு சொல்லும் காரணங்களையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, உதவிக் காசு ஊரில் உள்ள உறவினருக்கோ ஆட்கடத்தல்காரருக்கோ போகக் கூடாது. இரண்டாவது, காசு கிடைக்கும் என்ற ஆசையில் ஆட்கள் வருவதைக் குறைக்க வேண்டும். மூன்றாவது, நிர்வாக வேலை இலகுவாக வேண்டும். மூன்றாவதை ஹனோவரின் பூட்டில்லாத அட்டையே நிறைவேற்றியது. முதலாவதைப் பற்றி பேர்லினிலுள்ள ஜேர்மன் பொருளாதார ஆய்வு நிறுவனம் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021ஆம் ஆண்டுத் தரவுகளின்படி ஜேர்மனியிலுள்ள அகதிகளில் ஏறத்தாழ 7 சதவீதத்தினர்தான் வெளிநாட்டுக்குக் காசு அனுப்பியிருந்தார்கள். ஏழு பேர் செய்வதைத் தடுக்க நூறு பேரின் கையையும் கட்டலாமா என்பது அரசியல் கேள்வி. கட்டுவதானால் எந்த அளவுக்குக் கட்டலாம் என்பது சட்டக் கேள்வி.

1993ஆம் ஆண்டுச் சட்டம்

அட்டை வழக்குகளை விளங்கிக்கொள்ள முப்பது வருடம் பின்னே போக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் புகலிடக் கோரிக்கைகள் பெருகின. பெரும் அரசியல் சண்டைக்குப் பிறகு, புகலிடம் கோருவோரைப் பொதுச் சமூக உதவியிலிருந்து பிரித்துத் தனிச் சட்டம் ஒன்றின் கீழ் கொண்டுவந்தார்கள். 'புகலிடம் கோருவோர் கொடுப்பனவுச் சட்டம்' 1993 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்த தமிழர் பலர் இந்தச் சட்டத்தின் கீழ் விடுதி வாழ்க்கை வாழ்ந்தவர்கள்தான்.

காசுக்குப் பதில் பொருளாகக் கொடுப்பதற்கு அந்தச் சட்டம் முன்னுரிமை கொடுத்தது. உணவுப் பொதி, கூப்பன் என்று பல உருவங்களில் அது நடந்தது. பெறுமதி வீட்டுத் தலைவருக்கு மாதம் 360 மார்க். அதற்கு மேல் கைச்செலவுக்கு 80 மார்க் காசாகக் கிடைத்தது. பிற்பாடு யூரோ வந்தபோது 80 மார்க் 40 யூரோ 90 சதமாக மாறியது. இன்று பேசப்படும் 50 யூரோவை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வகையானவை அல்ல. அது தனியாகக் கொடுத்த கைச்செலவு, இது அட்டையிலிருந்து எடுக்கக்கூடிய காசின் எல்லை. என்றாலும் கையில் புழங்கும் காசு என்று பார்த்தால், முப்பது வருடத்தில் ஒன்பது யூரோதான் ஏறியிருக்கிறது.

கணக்கைக் காட்டச் சொன்ன தீர்ப்புகள்

இந்த 360 மார்க்கும் 80 மார்க்கும் எங்கிருந்து வந்தன? அந்தக் கேள்வி 2012இல் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு முன் வந்தது. 1993இலிருந்து அந்தத் தொகை மாறவேயில்லை. விலைவாசியோ 30 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. ஆரம்பத்திலாவது ஒரு கணக்குப் போட்டார்களா என்று தேடினால், அதற்கும் அடையாளம் இல்லை.

2012 ஜூலை 18ஆம் திகதித் தீர்ப்பில் நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, மனித கண்ணியத்தைக் காக்கும் அரசியலமைப்பின் 1ஆம் உறுப்புரையும், ஜேர்மனி ஒரு சமூகநல அரசு என்று கூறும் 20ஆம் உறுப்புரையும் சேர்ந்து, கண்ணியமாக வாழக்கூடிய ஆகக்குறைந்த வசதியை உரிமையாக்குகின்றன. அது பிரஜைகளுக்கு மட்டும் உரியதல்ல, நாட்டுக்குள் இருக்கும் எல்லா மனிதருக்கும் உரியது. உயிர் தரிக்கச் சோறு போதாது. மற்ற மனிதரோடு பழகவும் சமூக வாழ்வில் ஓரளவு பங்கெடுக்கவும் வேண்டியதும் அதற்குள் அடங்கும். இரண்டு, ஆட்கள் வருவதைக் குறைக்க வேண்டும் என்ற குடிவரவுக் கொள்கைக்காக அந்தக் கண்ணியத்தின் அளவைக் குறைக்க இயலாது. வீட்டுத் தலைவருக்கு 225 யூரோ அளவில் இருந்த தொகை வெளிப்படையாகவே போதாது என்று சொல்லி, புதிய சட்டம் வரும்வரை கூடிய தொகை கொடுக்கும்படி கட்டளையிட்டது.

எங்கள் பேச்சில் சதகா வேறு, ஹக் வேறு. சதகா கொடுப்பவரின் மனதைப் பொறுத்தது. ஹக் என்றால் கேட்டு வாங்கலாம். அளவு சரிதானா என்று விசாரிக்கவும் செய்யலாம். 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு செய்தது, அகதிக்குக் கொடுக்கும் உதவியை முதலாவது வகையிலிருந்து இரண்டாவது வகைக்குத் தெளிவாக எடுத்து வைத்ததுதான்.

அடுத்த தீர்ப்பு பத்து வருடம் கழித்து வந்தது. 2019 செப்டெம்பரில் ஒரு திருத்தம் செய்து, கூட்டு விடுதிகளில் தனியாக வாழும் பெரியவர்களின் கொடுப்பனவை 10 சதவீதம் குறைத்திருந்தார்கள். விடுதியில் இருப்பவர்கள் ஒன்றாகச் சமைப்பார்கள், ஒன்றாகச் சாமான் வாங்குவார்கள், கணவன் மனைவி போலச் செலவு மிச்சமாகும் என்பது நியாயம். ஒரே அறையில் போட்டார்கள் என்பதற்காக, மொழியும் ஊரும் வேறான இரண்டு அந்நியர்கள் ஒரே பானையில் சமைப்பார்களா? 2022 அக்டோபர் 19ஆம் திகதியிட்ட தீர்மானத்தில் நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. அப்படி மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று கண்டு, அந்தக் குறைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றது.

கணிதப் பாடத்தில் விடையை மட்டும் எழுதிவிட்டு வரும் பிள்ளைக்கு முழுப் புள்ளி கிடைக்காது. செய்கையையும் காட்ட வேண்டும். இரண்டு தீர்ப்புகளும் அரசிடம் கேட்டது அந்தச் செய்கையைத்தான். இவ்வளவு கொடு என்று நீதிமன்றம் தானாக ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பதில்லை. நீ சொன்ன எண்ணுக்கு எப்படி வந்தாய், அதைக் காட்டு என்கிறது.

2024: அட்டை நீதிமன்றம் போகிறது

இப்போது 50 யூரோவுக்கு வருவோம். 2024இல் தனித்து வாழும் பெரியவர் ஒருவருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் உரிய தொகை மாதம் 460 யூரோ. அதை அரசே இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. உணவு, உடை போன்றவற்றுக்கு 256 யூரோ. போக்குவரத்து, தொலைபேசி, பிறரோடு பழகும் செலவு போன்ற தனிப்பட்ட தேவைகளுக்கு 204 யூரோ. இந்த எண்கள் வீட்டுச் செலவுப் புள்ளிவிபரங்களிலிருந்து வந்தவை. செய்கை இருக்கிறது. ஆனால் 204இல் எவ்வளவு காசாகத் தேவைப்படும், 256இல் எவ்வளவு சந்தையில் போகும் என்று எவரும் கணக்குப் பார்த்து 50க்கு வரவில்லை. அது முதல்வர்களுக்கிடையில் பேசி முடித்த எண்.

இதே வருடம் பெப்ரவரியில் இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. இந்தக் குறைந்த கொடுப்பனவில் இருக்க வேண்டிய காலம் 18 மாதத்திலிருந்து 36 மாதமாக நீண்டது. ஆகவே கட்டுப்பாடு சில வாரத்துக்கான தற்காலிக ஏற்பாடு என்றும் சொல்ல முடியாது.

வழக்குகள் போனது சமூகநல நீதிமன்றங்களுக்கு. ஜேர்மனியில் உதவித்தொகை, காப்புறுதி போன்ற விவகாரங்களுக்கென்றே தனி நீதிமன்ற வரிசை உண்டு. கொடுப்பனவு பெறுபவர் வழக்குப் போட நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இல்லாதவன் நீதிமன்ற வாசல் மிதிக்க இது பெரிய வசதி. 'சுதந்திர உரிமைகளுக்கான சங்கம்' என்ற சட்ட அமைப்பும், அகதிகளுக்காகக் குரல் கொடுக்கும் 'புரோ அசூல்' அமைப்பும் இந்த வழக்குகளுக்குப் பின்னால் நின்றன.

ஹம்பேர்க் வழக்கில் மனுதாரர் ஒரு குடும்பம். சின்னப் பிள்ளை ஒன்று. தாய் கர்ப்பிணி. முதல்நிலை வரவேற்பு விடுதியில் இருந்தார்கள். நீதிமன்றம் அட்டையே கூடாது என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரேயடியாக 50 யூரோ, பிள்ளைக்கு 10 யூரோ என்று விறைப்பாக வரையறுப்பதுதான் பிழை என்றது. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் மேலதிகத் தேவைகள் இருக்கும், இடத்துக்கு இடம் நிலைமையும் வேறுபடும், அதையெல்லாம் பார்க்காமல் எல்லை போட இயலாது என்று சொல்லி, அந்தக் குடும்பத்துக்குக் கூடுதல் காசு எடுக்க இடம் கொடுத்தது.

நியூரன்பேர்க்கில் மனுப் போட்டவர்கள் இரண்டு பெண்கள். இங்கே நீதிமன்றம் தற்றுணிபு என்ற விஷயத்தைப் பிடித்தது. காசாகக் கொடுப்பதா, அட்டையாகக் கொடுப்பதா என்று தெரிவு செய்யும் அதிகாரத்தைச் சட்டம் அதிகாரசபைக்குக் கொடுத்திருக்கிறது. அதிகாரம் கொடுத்தால் அதைப் பாவித்து யோசிக்கவும் வேண்டும். இந்த ஆளுக்கு அட்டை பொருந்துமா என்று பார்த்த அடையாளமே இல்லாமல், வந்தது அட்டை, பிடி என்று கொடுத்திருந்தார்கள். ஆகவே முன்பு போலவே கொடுப்பனவை அந்தப் பெண்களின் வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி தற்காலிகக் கட்டளை வந்தது.

வென்றதும் தோற்றதும்

இத்தோடு அட்டை ஒழிந்தது என்று நினைக்கக் கூடாது. இரண்டும் அவசர வழக்குகள். அவசர வழக்கில் மனுதாரர் இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும். தன் பக்கம் உரிமை இருக்கிறது என்பது ஒன்று. முழு விசாரணை முடியும்வரை காத்திருந்தால் பெரும் பாதிப்பு வரும் என்பது மற்றது. முதலாவது சரியாக இருந்தாலும் இரண்டாவது இல்லாவிட்டால் மனு விழுந்துவிடும்.

ஹம்பேர்க் குடும்பத்துக்கு நடந்ததும் இதுதான். அதிகாரசபை மேன்முறையீடு செய்தது. செப்டெம்பரில் ஹம்பேர்க் மாநிலச் சமூகநல நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் தீர்மானத்தை மாற்றியது. உடனடியாகத் தலையிட வேண்டிய அளவுக்குப் பாரதூரமான பாதிப்பைக் காணவில்லை என்பது அதன் நிலைப்பாடு. அவசர வழக்குகள் மாநில மட்டத்தோடு முடிந்துவிடும். காசல் நகரிலுள்ள கூட்டாட்சிச் சமூகநல நீதிமன்றத்துக்கு அவற்றைக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் ஒரே அட்டையைப் பற்றி ஒரு மாநிலம் ஒரு விதமாகவும் இன்னொரு மாநிலம் இன்னொரு விதமாகவும் பேசும் நிலைமை வந்தது. நாடு முழுவதற்கும் பொருந்தும் விடை அவசர வழக்கில் கிடைக்காது. வருடக்கணக்கில் இழுபடும் முழு வழக்கில்தான் கிடைக்கும். மாதம் 50 யூரோவில் சீவிப்பவருக்கு அந்த வருடங்கள் எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் அட்டையை நேரடியாகத் தடுக்கவில்லை. 2013ஆம் ஆண்டு வரவேற்பு நிபந்தனைகள் பணிப்புரை, உணவையும் உடையையும் இருப்பிடத்தையும் பொருளாகவோ காசாகவோ கூப்பனாகவோ கொடுக்கலாம், அன்றாடச் செலவுக்கும் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்கிறது. வடிவம் அரசின் கையில். ஆனால் வடிவம் எதுவானாலும் கண்ணியமான வாழ்க்கைத் தரம் கெடக் கூடாது. 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜியத்தைப் பற்றிய 'ஹக்பின்' வழக்கில், தண்டனையாகக்கூட இருப்பிடம், உணவு, உடை என்பவற்றை முற்றாக நிறுத்த இயலாது என்று தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் இழுபடும்போது சனங்கள் தங்கள் வழியைத் தேடிக்கொண்டார்கள். மியூனிக், ஹம்பேர்க் போன்ற நகரங்களில் அகதிகள் தங்கள் அட்டையால் பேரங்காடியின் பரிசுக் கூப்பன் வாங்குகிறார்கள். ஊர் மக்கள் அந்தக் கூப்பனை வாங்கிக்கொண்டு அதே தொகையைக் காசாகக் கொடுக்கிறார்கள். எப்படியும் அந்தக் கடையில் சாமான் வாங்குகிறவர்கள்தான், அவர்களுக்கு நட்டமில்லை. 2025இல் ஆட்சியமைத்த கட்சிகள் தங்கள் கூட்டணி உடன்படிக்கையில், அட்டையை நாடு முழுவதும் கொண்டுவருவோம், அதைச் சுற்றிப் போகும் வழிகளைத் தடுப்போம் என்று எழுதிக்கொண்டன.

பிரித்தானியா தரும் பாடம்

இந்தப் பாதையில் பிரித்தானியா முன்பே நடந்திருக்கிறது. 2000 ஏப்ரலில் அங்கே புகலிடம் கோருவோருக்குக் கூப்பன் முறை வந்தது. வாரத்துக்கு 10 பவுண் மட்டும் காசாக மாற்றலாம். கூப்பனின் பெறுமதிக்குக் குறைவாகச் சாமான் வாங்கினால் கடைக்காரர் மிச்சம் கொடுக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கங்கள் வரை எதிர்ப்புக் கிளம்பி, 2002இல் அந்த முறை கைவிடப்பட்டது. 2009இல் கோரிக்கை மறுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு 'அஷூர்' என்ற அட்டை வந்தது. குறித்த கடைகளில் மட்டும் செல்லும். காசு எடுக்கவே முடியாது. பஸ்ஸில் ஏறக்கூட அது உதவாது. 2017இல் அது போய் 'அஸ்பன்' அட்டை வந்தது.

அங்கே நீதிமன்றம் போன இரண்டு வழக்குகள் எங்கள் விஷயத்தை நன்றாக விளக்குகின்றன. 2014இல் வாரக் கொடுப்பனவை 36 பவுண் 62 பென்ஸில் உறைய வைத்ததை எதிர்த்து 'ரெஃபியூஜி அக்ஷன்' அமைப்பு வழக்குப் போட்டது. மேல் நீதிமன்றம் அரசின் முடிவு பிழை என்றது. குழந்தையின் நப்கின், பால்மா, பிரசவித்த தாயின் தேவைகள் முதலியவற்றைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது காரணம். பெரிய வெற்றிதான். அப்போதைய உள்துறை அமைச்சர் தெரேசா மே கணக்கை மறுபடி பார்த்தார். பார்த்துவிட்டு, இருக்கும் தொகையே போதும் என்றார்.

2022இல் நிலைமை வேறு. விலைவாசி ஏறியிருந்தது. 40 பவுண் 85 பென்ஸை 45 பவுணாகக் கூட்ட வேண்டும் என்று அமைச்சின் அதிகாரிகளே கணக்குப் பார்த்து ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அமைச்சர் செய்யவில்லை. அந்த வருடம் டிசம்பரில் மேல் நீதிமன்றம், உடனடியாக 45 பவுண் கொடுக்கும்படி கட்டளையிட்டது. கணக்கு மேசையில் இருந்ததால் கட்டளையும் போட முடிந்தது.

எஞ்சி நிற்பது

இந்த வழக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், நீதிமன்றத்தால் என்ன முடியும், எது முடியாது என்பது தெரிகிறது. அட்டை கொடுக்காதே என்று பொதுவாகச் சொல்ல அது தயங்குகிறது. உதவியின் வடிவத்தைத் தெரிவு செய்யும் உரிமை அரசுக்கு உண்டு என்று ஏற்றுக்கொள்கிறது. ஆனால் இரண்டு கேள்விகளை அது விடாமல் கேட்கிறது. இந்த எண்ணுக்கு எப்படி வந்தீர்கள்? இந்த ஆளைப் பார்த்தீர்களா? முதலாவதுக்கு விடை இல்லாதபோது 2012இலும் 2022இலும் சட்டமே விழுந்தது. இரண்டாவதுக்கு விடை இல்லாதபோது ஹம்பேர்க்கிலும் நியூரன்பேர்க்கிலும் முதல் சுற்றில் அதிகாரசபை தோற்றது. அதிகாரசபை அடுத்த முறை ஒழுங்காக யோசித்து எழுதிவிட்டால், அதே அட்டை நிலைத்தும் விடலாம். தெரேசா மேயின் மறுகணக்கு காட்டுவதும் அதைத்தான்.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஐம்பதா, நூறா என்ற சண்டைதானே என்று கேட்கலாம். காசு என்பது சாமான் வாங்கும் கருவி மட்டும் இல்லை. ஊர் விட்டு, வீடு விட்டு, தொழில் செய்யவும் அனுமதி இல்லாமல் விடுதியில் காத்திருப்பவர் தானாக முடிவெடுக்கக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. எங்கே தங்குவது, எப்போது விசாரணை, எப்போது பதில் எல்லாம் வேறொருவர் கையில். பிள்ளைக்கு ஞாயிறு சந்தையில் ஒரு பழைய சைக்கிள் வாங்குவதா, சட்டத்தரணிக்கு ஒரு தவணை கட்டுவதா, நோய்ப்பட்ட நண்பரைப் பார்க்க வேறொரு நகரத்துக்குப் போவதா என்ற தீர்மானம்தான் அவருக்கு மிஞ்சியிருக்கும் ஆட்சி. பூட்டிய அட்டை பறிப்பது அதை.

அட்டைகள் பரவத்தான் போகின்றன. நிர்வாகத்துக்கு அவை வசதி, அரசியல்வாதிக்கு மேடையில் சொல்ல ஒரு செய்தி. அவை பற்றிய செய்தியை இனி வாசிக்கும்போது தொகையை மட்டும் பார்க்காமல், அந்தத் தொகைக்கு யார் கணக்குப் போட்டார்கள் என்றும், கணக்குப் பொருந்தாத ஒரு தாய் போய் 'எனக்கு இது காணாது' என்று சொல்ல அங்கே ஓர் இடம் வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஹம்பேர்க் குடும்பம் நீதிமன்றத்தில் கேட்டதும் அந்த இடத்தைத்தான்.